எமில் டெடெ

காலை ஏழு மணிக்கு யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்பது தமன்ரெஜோவில் எழுதாத சட்டம். வானொலியில் சாவுச் செய்தி வாசிக்கிற நேரம் அது. காப்பி ஆறினாலும் சரி, அடுப்பில் சோறு குழைந்தாலும் சரி, யார் போனார், அவருக்கு யார் யார் இருந்தார்கள் என்று கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டு முடித்தால்தான் ஊருக்குப் பொழுது விடிந்த மாதிரி. அந்தப் பெயர் வரிசைக்கு அப்படி ஒரு மவுசு. மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், சேர்ந்து வாழ்ந்தவர், வளர்ப்புப் பிள்ளை என்று ஒவ்வொன்றாக வரும். வரிசையில் பெயர் வந்துவிட்டால் உறவு. வராவிட்டால் இருபது வருஷம் வடித்துக் கொட்டியிருந்தாலும் வெறும் கடைக்காரிதான்.

வாகினெம் கடைக்காரியும்தான். மேர்சோர்க் படகுத்துறையில் அவளுக்கு ஒரு தகரக் கூரைக் கடை. கோழிச் சாறு விற்பாள். சாவ்தோ என்று கேட்டால் போதும், முளைகட்டிய பயறும் பொரித்த உருளைக்கிழங்கும் போட்டு, அவித்த முட்டை ஒன்றை மிதக்கவிட்டுக் கொடுப்பாள். அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் படகில் கயிறு வீசிக் கட்டுகிற வேலை எமிலுக்கு. ஆறடி உயரம், கரியவன், சத்தமாகச் சிரிப்பவன். சாறு குடிக்க வந்தவன் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டான். இருபத்திரண்டு வருஷம். அவனுக்கு ஊரறியக் கல்யாணம் செய்த மனைவி ஒருத்தி உண்டு, முரியெல். டச்சுக்காரர்களிடமிருந்து நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே இரண்டு பையன்களோடு ரொட்டர்டாமுக்குக் கப்பலேறிப் போனவள். அவளும் விவாகரத்துக் கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை. "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டினான். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. நல்லவர்களின் சோம்பேறித்தனம் யார் தலையில் விடியும் என்று அவர்கள் யோசிப்பதே இல்லை.

அவளைச் சம்மதிக்க வைக்க அவனுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஜாவாக்காரர் வீட்டில் வளர்ந்தவள் எதையும் முதல் தடவை கேட்டவுடன் சரி என்று சொல்ல மாட்டாள். அப்படிச் சொன்னால் வளர்ப்பு சரியில்லை என்று பெயர். தாகத்தில் நாக்கு ஒட்டிக் கிடந்தாலும், தண்ணீர் வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால்தான் வாங்கிக்கொள்ளலாம். ஆப்பிரிக்க வம்சமான எமிலின் ஆட்களுக்கு இது தலைகீழ். ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை, பேச்சு முடிந்தது. அதனால்தான் "என்கூட இருக்கியா?" என்று அவன் முதலில் கேட்டபோது அவள் வேண்டாம் என்றதும் தொப்பியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். அவள் சாறு காய்ச்சிக்கொண்டே அழுதாள். யாரோ விஷயம் தெரிந்தவன் படகில் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வந்து, ஒரே மூச்சில் மூன்று தடவை கேட்டான். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, முட்டை வேணுமா என்பதைக்கூட அவளிடம் மூன்று தடவை கேட்பான்.

அவர்கள் முற்றத்தில் மூன்று பாஷை புழங்கியது. அதில் ஒரு சொல் மூன்றுக்கும் பொது. டெடெ. எமிலின் பாஷையில் அது சாவு. செத்தான் என்றாலும் டெடெ, செத்தவன் என்றாலும் டெடெ. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்துஸ்தானிப் பெண் பூல்மதிக்கு அது கொடு என்று அர்த்தம். மிளகாய் டெ டெ, சுத்தியல் டெ டெ என்று நாளைக்குப் பத்துத் தடவை வேலி மேல் கை நீட்டுவாள். வாகினெமின் அம்மாவுக்கோ அது மரியாதைப் பேச்சு. பெரியவர்கள் எதையாவது கேட்டு, அது அப்படியில்லை என்றால், வெடுக்கென்று இல்லை என்று சொல்லக் கூடாது. குனிந்து, தாழ்ந்த குரலில், டெடெ என்று சொல்ல வேண்டும். அது அல்ல, அவர் அல்ல, நான் அல்ல.

எமில் இதை வைத்து அடிக்காத கூத்தில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட விடவில்லை.

"இங்க பாரு வாகி, நான் மண்டையப் போட்டா ரேடியோக்காரன் 'எமில் டெடெ'ம்பான். உங்கம்மா கேட்டுட்டு, அப்பாடா, அது எமில் இல்லையாம்னு நிம்மதியா வெத்தல போடுவாங்க. பூல்மதி கேட்டுட்டு, எமிலக் குடுன்னு வேலி மேல ஏறுவா."

"எனக்கெதுக்கு இந்த எருமை? நீயே வச்சுக்க" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

"வாயக் கழுவுங்க ரெண்டு பேரும்" என்பாள் வாகினெம். ஆனால் சிரிப்பாள். பிற்பாடு அம்மா செத்துப்போனாள்; அந்த மரியாதைப் பேச்சைப் பேச வீட்டில் ஆளில்லாமல் போயிற்று. எமில் அதைக் கிண்டலாகவாவது வாயில் வைத்திருந்தது அவளுக்கு உள்ளுக்குள் பிடித்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருக்கும். எமில் கயிற்றை வீசினான், கயிறு கட்டையில் விழுந்தது, கூடவே அவனும் விழுந்தான். அதே படகில் போட்டு அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நடு ஆற்றிலேயே முடிந்துவிட்டது. வாகினெம் அப்போது சந்தைக்குப் போய்க் கோழி வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பி, அகப்பையைக் கையில் எடுத்திருந்தாள். படகுக்காரன் வில்ஃப்ரெட் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா. எமில் டெடெ."

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாஷையில் சமைத்து, சண்டை போட்டு, படுத்து எழுந்தவள் அவள். அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் காது போய் அம்மாவின் மடியில் விழுந்தது. அது எமில் இல்லை. நெஞ்சு அப்படியே லேசானது. அகப்பையை உதறிக்கொண்டே, "பின்னே யாரு?" என்று கேட்டாள். கேட்டபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. வில்ஃப்ரெட் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு எந்தப் பாஷை என்று உறைத்தது. அந்த ஒரு சிரிப்பை அவளால் கடைசி வரை தனக்குத்தானே மன்னிக்க முடியவில்லை.

எமிலுக்கு அக்கா ஒருத்தி, எல்ஃப்ரிடா. அக்கரையில் பரமரிபோ சந்தையில் மூலிகையும் மரப்பட்டையும் விற்கிறவள். குரலைத் தூக்கினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் பொறுப்பு அவள் தலையில்தான். வாகினெமை அவள் ஒருநாளும் ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் ஒருநாளும் தம்பி பொண்டாட்டி என்றும் சொன்னதில்லை. 'தம்பி வீட்டு வாகி' என்பாள். வாகினெமுக்கு அந்த ஒரு சொல் மேல்தான் இத்தனை வருஷமும் ஆசை. கேட்டு வாங்குகிற பொருளா அது?

அன்று சாயங்காலமே எல்ஃப்ரிடா வாகினெம் வீட்டுச் சமையல் மேசையில் காகிதத்தை விரித்தாள். அழுது வீங்கிய முகம். கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்கியது. டினாரிகள், அதாவது பிணத்தைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் சங்கத்தார், பெயர் வரிசைக்காகக் காத்திருந்தார்கள். வானொலிக்கும் அதே வரிசைதான் போக வேண்டும்.

"முரியெல் ஃபோன் பண்ணிட்டா. வியாழக்கிழமை பிளேன்ல வர்றாளாம்" என்றாள். "பசங்க வரல. சரி, உன் பேரப் போடட்டுமா வாகி? சேந்து வாழ்ந்தவங்கன்னு?"

போடுங்க, போடுங்க என்று வாகினெமுக்கு உள்ளே ஒன்று கத்தியது. வாய் என்னவோ வளர்த்தபடிதான் பேசியது.

"வேணாம்க்கா. நான் எதுக்கு."

தலையைக் குனிந்துகொண்டு இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தாள். எல்ஃப்ரிடா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். பென்சில் ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த பெயருக்கு நகர்ந்தது. வரிசை முழுதும் எழுதி முடித்த பிறகு மறுபடியும் தலையைத் தூக்கினாள்.

"பிரிப்புக்கு என்ன பண்றது? நாடா முரியெலுக்கா, உனக்கா?"

பிரிப்பு என்றால் இதுதான். பெட்டியை மூடும் முன்பு, செத்தவரோடு ஒன்றாகப் படுத்து எழுந்த துணையைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிடுவார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளை நாடாவால் அளந்து, அந்த அளவை வெட்டிப் பெட்டிக்குள் வைப்பார்கள். உன் பங்கு இது, எடுத்துக்கொள், ஆளை விட்டுவிடு என்று அர்த்தம். பிரித்துவிடாத துணையைத் தேடிச் செத்தவர் திரும்பி வருவார் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். வருகிற நேரம் உச்சிப்பொழுது, நிழல் காலடியில் சுருங்கும்போது.

வாகினெம் இதையே இரண்டாம் தடவையாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். கேள்வி வேறு அல்லவா. வேறு கேள்விக்கு முதலிலிருந்துதானே தொடங்க வேண்டும்.

"அவங்களையே நிக்க வைங்கக்கா. அவங்கதானே முறை" என்றாள்.

"சரி. நீயே சொல்லிட்ட" என்று எல்ஃப்ரிடா காகிதத்தை மடித்தாள். அவள் மேல் என்ன தப்பு? தம்பியைப் பறிகொடுத்தவள், கேட்டாள், பதில் கிடைத்தது. வேண்டாம் என்றவளை வற்புறுத்தினால் அவள் ஊரில் அதுதான் மரியாதைக் கேடு.

மறுநாள் ஏழு மணிக்குப் பூல்மதி வேலிக்கு இந்தப் பக்கமே வந்து உட்கார்ந்துகொண்டாள். வானொலியில் அந்தக் கனமான குரல் வாசித்தது. படகுத் தொழிலாளி எமில் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னாருக்கு முரியெல் என்ற மனைவி, இரண்டு மகன்கள், அக்கா எல்ஃப்ரிடா, அத்தை மகன்கள், அவர்கள் பிள்ளைகள், ஞானத்தாய், சங்க நண்பர்கள். பட்டியலில் படகுத்துறைக் காவல்காரன் பெயர்கூட இருந்தது. பிறகு சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

"உன் பேரு எங்க?" என்றாள் பூல்மதி.

"விட்டுப்போச்சு போல."

"விட்டுப்போகுமா? துறைக் காவல்காரன் ஞாபகம் இருக்குது, நீ இல்லையா? இப்பவே கிளம்பு. போய் வாயத் தொறந்து கேளு. டெ டென்னு கேளுடி, என் பேர டெ டென்னு."

"கேட்டு வாங்கினா அப்புறம் அதுல என்ன இருக்கு?" என்றாள் வாகினெம். பூல்மதி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அடித்துக்கொண்டது சரிதான். எனக்கும் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வாகினெமின் தோளைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது. ஆனால் அம்மா கற்றுக்கொடுத்த நாக்கைப் பிடுங்கி எறிய யாரால் முடிகிறது?

வெள்ளிக்கிழமை காலையில் சவமண்டபம் நிரம்பி வழிந்தது. டினாரித் தலைவர் கொர்னெலிஸ் வெள்ளை உடுப்பில் பெட்டியருகே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வாகினெம் கடைசி வரிசையில் படகுக்காரர்களோடு நின்றாள். எமிலின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. ஷூவின் நுனி மட்டும் தெரிந்தது. அவன் ஷூ போட்டு அவள் பார்த்ததே இல்லை. முரியெல் கறுப்புத் தொப்பியோடு முன்னால் போனாள். நாடா அவள் தலையிலிருந்து கால் வரை இறங்கியது. கத்தரிக்கோல் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

வாகினெமுக்கு அப்போதுகூட ஒரு நம்பிக்கை. யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், வாகி எங்கே என்று எல்ஃப்ரிடா இன்னொரு தடவை கேட்பாள் என்று. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். பாக் வொங்சோ என்று பெயர், கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், தினம் படகில் போகிற ஜாவாக்காரர். அழுகிற ஜாவாப் பெண்ணைப் பார்த்து அவருக்கு மனம் கேட்கவில்லை. அவள் அம்மா பேசிய அதே தாழ்ந்த மரியாதைப் பேச்சில் கேட்டார்.

"இறந்தவருடைய மனைவி தாங்கள்தானா, அம்மா?"

பெரியவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. முன்னால் நாடாவோடு முரியெல் நிற்கும்போது ஆம் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பேச்சில் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. வாகினெம் குனிந்து அதைச் சொன்னாள்.

"டெடெ."

முன்வரிசையில் இருந்த கறுப்புடைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செத்ததைத்தான் சொல்கிறாள், பாவம், என்று தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். பெட்டியை மூடினார்கள்.

வெளியே மாமரத்தடியில் முரியெல் அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். பார்க்கச் சாதாரணமான, முட்டிவலியால் நொண்டுகிற, களைத்த பெண்மணி.

"நீங்கதான் வாகினெமா?"

"ஆமாங்க."

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஏன் நீங்க முன்னால வரல? அந்த நாடா மேல பட்டப்ப எனக்கு உடம்பே கூசிப்போச்சு. இருபத்தஞ்சு வருஷமா நான் மூஞ்சியே பாக்காத ஆளு. உங்களையே அளக்கட்டும்னுதான் நான் சொன்னேன். நீங்க வேணாம்னுட்டீங்கன்னாங்க எல்ஃப்ரிடா."

"ஒரு தடவைதாங்க கேட்டாங்க."

முரியெல் புரியாமல் அவளையே பார்த்தாள். "எத்தனை தடவை கேக்கணும்?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாகினெமுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அந்த வாரமே முரியெல் ரொட்டர்டாமுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் எல்ஃப்ரிடா, கொர்னெலிஸைக் கூட்டிக்கொண்டு தமன்ரெஜோவுக்கு வந்தாள். கையில் ஒரு வாளி, நீலக்கட்டி, மூலிகைக் கட்டு. அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. காகிதத்தில் இருந்தவளைப் பிரித்தாகிவிட்டது. பாயில் இருந்தவளை யார் பிரித்தார்கள்? இதற்குள் பூல்மதி வேறு, ஜாவாக்காரியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு வேலி மேலேயே வகுப்பெடுத்திருந்தாள்.

"குளிப்பாட்டிக் காப்புக் கட்டிடறோம் வாகி. அவன் வந்தா உன்னையும் இழுத்துட்டுப் போயிடுவான். கட்டட்டுமா?"

"வேணாம்க்கா."

"இது ரெண்டாவது. கட்டட்டுமா?"

"வேணாம்."

"மூணாவது தடவையும் கேக்கறேன், பூல்மதி சாட்சி. கட்டட்டுமாடி?"

"வேணாம்க்கா. வரட்டும்" என்றாள் வாகினெம். வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டாம் என்பதற்கு வேண்டாம் என்றே அர்த்தம் வைத்துச் சொன்னாள்.

கொர்னெலிஸ் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிணங்களோடு பழகியவர், பேச்சில் சர்க்கரை கிடையாது.

"உன் இஷ்டம். ஆறு வாரம் கணக்கு. அதுக்குள்ள வந்தான்னா சொல்லி அனுப்பு, கல்லறையில வச்சு உன்னப் பிரிச்சு விடறேன். ஆறு வாரம் தாண்டியும் வரலன்னா பயமே இல்ல. பொண்டாட்டிய அம்போன்னு விட்டுட்டுப் போற டெடெய நான் பாத்ததில்ல. வரலன்னா, உங்களுக்குள்ள பிரிக்கிறதுக்கு ஒண்ணும் இருந்ததில்லன்னு அர்த்தம்."

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாகினெம் அதைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் சேர்க்காவிட்டால் போகட்டும். செத்தவனே வந்து சொல்லட்டும், இவள் என் மனைவி என்று. அதற்கு மேல் யார் பேச முடியும்?

அன்றிலிருந்து பதினொரு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கதவை அகலத் திறந்து வைப்பாள். மேசையில் சாறு ஒரு கிண்ணம், முட்டை இரண்டு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பார்ப்பாள். பன்னிரண்டு அடிக்கும். முற்றத்தில் கோழி கொத்தும். பூல்மதியின் பூனை வந்து கிண்ணத்தை மோந்து பார்க்கும். ஒருநாள் வாசலில் நிழல் விழுந்து அவள் பதறி எழுந்தாள், பார்த்தால் தபால்காரர். சாறு மேலே ஆடை கட்டும். ஒரு மணிக்கு அதைத் தூக்கிக் கோழிக்குக் கொட்டுவாள்.

இரண்டாவது வாரம் அவனுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். மூன்றாவது வாரம் நாற்காலியை அவன் எப்போதும் இழுத்துப் போடுகிற ஜன்னல் பக்கம் மாற்றினாள். நான்காவது வாரம் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் பாஷையில் வா என்றாள். பூல்மதியின் சொல்லில், எமிலைக் கொடு என்று யாரிடமென்று தெரியாமல் கேட்டாள். அம்மாவின் சொல்லில், செத்தது எமில் அல்ல என்று குனிந்து சொல்லிப் பார்த்தாள். அவன் அத்தனை வருஷம் உருட்டி விளையாடிய சொல், இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் செத்தான் என்ற ஒன்றைத்தான் சொன்னது.

"வந்தாரா?" என்று வேலி மேலிருந்து பூல்மதி கேட்பாள்.

"இல்ல."

"நல்லவேளை, பகவான் புண்ணியம்" என்பாள் அவள், நிஜமான நிம்மதியோடு.

துறையில் இருந்த பெண்களுக்கு ஆறு வாரக் கணக்கு நன்றாகத் தெரியும். "இன்னும் வரலையாமே" என்று ஒருத்தி சொல்வாள். "வர்றதுக்கு அவ என்ன பொண்டாட்டியா? சாறு குடிச்ச இடம்" என்று இன்னொருத்தி சொல்வாள். அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். வாகினெமுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொல்வது உண்மையோ என்று பயம் வந்தது. மூன்று தடவை கேட்டதெல்லாம் விளையாட்டுக்கா? முட்டைக்காகவா? ராத்திரி தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, சட்டை தோளில் தொளதொளத்தது. செத்தவனிடம் ஒருத்தி இதற்கு மேல் என்னதான் கேட்பாள்? வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போ என்றுதானே கேட்டாள்.

நாற்பத்திரண்டாம் நாள் பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை ஆயிற்று. யாரும் வரவில்லை.

ஒரு மணிக்கு எல்ஃப்ரிடா வந்தாள். கையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய பொம், கிழங்கும் கோழியும் வைத்து அடுப்பில் சுட்டது. விசேஷ நாள் பலகாரம். முகம் தெளிந்திருந்தது.

"முடிஞ்சுது வாகி. ஆறு வாரம் தாண்டிட்ட. வரலைல்ல?" பாத்திரத்தை மேசையில் வைத்தாள். "தம்பி நிம்மதியாப் போய்ச் சேந்துட்டான். நான்தான் வீணாப் பயந்தேன். கொர்னெலிஸ் சொன்னது சரியாப்போச்சு, உன் மேல அவனுக்கு ஒட்டு எதுவும் இல்ல. உனக்கும் இது நல்லதுதான்டி. நீ யாருக்கும் கட்டுப்பட்டவ இல்ல. இனி உன் வழியப் பாரு."

அன்பாகத்தான் சொன்னாள். தடவிக் கொடுத்துக்கொண்டேதான் சொன்னாள். வாகினெம் அந்தக் கையைப் பார்த்தாள், ஆறிப்போன சாற்றைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்த மேசை மேலேயே கரைந்து போவதைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மரியாதைக்காக வேண்டாம் என்றதைத் தவிர வேறு பொய் அவள் வாயில் வந்ததில்லை.

"வர்றாருக்கா" என்றாள்.

எல்ஃப்ரிடாவின் கை நின்றது. "என்னது?"

"தினமும் வர்றாரு. சரியாப் பன்னண்டுக்கு. தோள்ல கயிறு சுத்தியிருக்கும். அந்த நாற்காலியிலதான் உக்காருவாரு. இன்னிக்கும் வந்தாரு. சாற மோந்து பாத்தாரு, குடிக்கல. வாகின்னு கூப்பிட்டாரு."

எங்கிருந்து வந்ததோ, தடங்கலில்லாமல் வந்தது. அப்படி அவன் வந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே சொன்னாள், அதனால் கண்ணில் தண்ணீரும் தானாக வந்தது. எல்ஃப்ரிடா நாற்காலியைத் தொடாமல் தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகம் சாம்பலாகப் போயிருந்தது.

"பூல்மதிகிட்ட வரலன்னியேடி?"

"அவரு போயிடுவாரோன்னு பயம்க்கா."

எல்ஃப்ரிடா அவளை இழுத்துத் தன் பெரிய மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "பாவி, பாவி, நான் தப்புப் பண்ணிட்டேனே. என் தம்பி பொண்டாட்டிய நானே கடைசி வரிசையில நிக்க விட்டுட்டேனே. உன்ன உருக்கிட்டானேடி, பாரு, எலும்பும் தோலுமா நிக்கற. நாளைக்கே உன்னப் பிரிச்சு விடறேன்."

தம்பி பொண்டாட்டி. காதில் விழுந்துவிட்டது. வாகினெம் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் கல்லறையில் நின்றார்கள். எல்ஃப்ரிடா சொந்தக்காரர்கள் பதினைந்து பேரைத் திரட்டியிருந்தாள். வில்ஃப்ரெட்டும் படகுக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். துறையில் வாய் பேசிய பெண்கள் இரண்டு பேரும் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொர்னெலிஸ் வெள்ளை உடுப்பில் வந்து கைத்தடியால் மண்ணை மூன்று முறை தட்டினார்.

"எமில்! உன் பொண்டாட்டி வாகினெம் வந்திருக்கா!"

அத்தனை பேர் முன்னால், உரக்க, பெயரும் உறவும் சேர்த்து. அவள் முன்னால் போய் நின்றாள். நாடா அவள் உச்சியில் தொட்டது, நெற்றி, மார்பு, முட்டி என்று இறங்கிப் பாதத்தில் முடிந்தது. கத்தரித்தார். மண்ணைத் தோண்டி அந்த அளவை உள்ளே வைத்தார்.

"இது அவ நீளம். இது உன் பங்கு. எடுத்துக்க. இனி அவ வீட்டுப் படி ஏறாதே. அவ பேரச் சொல்லிக் கூப்பிடாதே. கனவுலகூட வராதே. உனக்கும் அவளுக்கும் முடிஞ்சுபோச்சு." பிறகு அவளைப் பார்த்தார். "உன் வாயால சொல்லும்மா. போன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் அவன் கேப்பான்."

வாகினெம் மண்ணைப் பார்த்தாள். அவர் வரவேயில்லை, நான் சொன்னது பொய், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ என்று கத்தலாம். கத்தினால் வாங்கிய சொல் போய்விடும். எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். எமிலும் அங்கே எங்காவது காத்துக்கொண்டிருந்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"போயிடுங்க" என்றாள்.

கொர்னெலிஸ் மண்ணைத் தள்ளி மூடி, காலால் அழுத்தினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்து, உறவு சொல்லி, துக்கம் கேட்டார்கள். அத்தை என்றார்கள், மதினி என்றார்கள். அவள் தலையாட்டினாள். எல்லாரும் கலைந்த பிறகு எல்ஃப்ரிடா அவள் தோளில் கைபோட்டுப் படகுத்துறைப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.

"இனிமே பயப்படாத" என்றாள். "இனிமே அவன் வரவே மாட்டான்."